இரவு ஒரு மணிக்கு விழும் பிரேக்கர்: ரிலேயை மாற்றத்தான் வேண்டுமா?

ரோலர் அறை | வியாழன், இரவு 9.40

எல்லோருக்கும் வணக்கம். பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் மின்னிணைப்பாளராக வேலை செய்கிறேன். பொறுப்பெடுத்து எட்டு மாதம் ஆகிறது. எனக்கு முன்பிருந்தவர் ஓய்வு பெற்றுப் போகும்போது சாவிக்கொத்தைத் தந்தார். பலகையின் வரைபடம் அவரிடமும் இருக்கவில்லை.

பிரதான பலகையில் கண்ணாடி மூடி போட்ட பழைய தட்டு ரிலேக்கள் மூன்று இருக்கின்றன; மின்னோட்டத்தைக் கவனித்து, பிழை என்றால் பிரேக்கரை விழ வைப்பவை. ஓரங்களில் இரண்டு ஓவர் கரண்ட் (மின்னோட்டம் அளவு மீறினால் விழுபவை), நடுவில் ஒரு எர்த் ஃபோல்ட் (மின்சாரம் எர்த் பக்கம் தப்பினால் விழுவது). ரிலேக்களுக்கு மின்னோட்டத்தைக் குறைத்துத் தரும் கரண்ட் டிரான்ஸ்போமர் 400க்கு 5, அதாவது 400 அம்பியர் ஓடினால் 5 அம்பியர் தரும். கடந்த மூன்று வாரத்தில் ஐந்து தடவை பிரதான பிரேக்கர் விழுந்து தொழிற்சாலை முழுவதும் இருண்டுவிட்டது. ஐந்தும் இரவு ஒரு மணிக்கும் இரண்டு மணிக்கும் இடையில், வாட்டிய கொழுந்தை இறக்கி, அதைக் கசக்கி உருட்டும் முதல் ரோலரை ஓட விடும் நேரம். பிரேக்கரைத் திரும்பப் போட்டால் நின்றுவிடுகிறது. பிறகு விடியும்வரை ஒரு குறையும் இல்லை.

ரிலேக்கள் பழசாகிவிட்டன, டிஜிட்டல் ரிலே ஒன்றைப் போட்டுவிடலாம் என்று அலுவலகத்தில் முடிவெடுத்துவிட்டார்கள். எதை வாங்கலாம் என்று கேட்கத்தான் இந்த இழை. செவ்வாய்க்கிழமைக்குள் நான் பதில் சொல்ல வேண்டும்.

பூண்டுலோயா வயரிங் | வியாழன், இரவு 10.15

தம்பி, புதிய ரிலே வரும்வரை தொழிற்சாலை ஓட வேண்டுமே. எர்த் ஃபோல்ட் ரிலேயின் பிளக், அதாவது எத்தனை அம்பியரில் ரிலே வேலை செய்ய வேண்டும் என்று வைக்கும் முளை, எந்தத் துளையில் இருக்கிறது என்று பாருங்கள். 10 சதவீதத்தில் இருந்தால் 40க்கு ஏற்றிவிடுங்கள். இதே தொந்தரவுக்கு நான் வேறு இடங்களிலும் அப்படித்தான் செய்திருக்கிறேன்.

நடு இரவில் கரண்ட் போனால் என்ன ஆகும் என்று வெளியில் இருப்பவர்களுக்குத் தெரியாது. ட்ரையருக்குள் பாதி காய்ந்த தூள் அப்படியே நிற்கும். விரித்து வைத்த தூள் அளவுக்கு மீறிப் புளித்துவிடும். மேல்மாடியில் காற்றாடி நின்றால் தொட்டியில் கிடக்கும் கொழுந்து சூடேறிச் சிவந்துவிடும். மலையேறிக் கொழுந்து பறித்தவர்களின் ஒரு நாள் உழைப்பு தரம் இறங்கி ஏலத்துக்குப் போகும். அதைப் பார்த்துக்கொண்டு கையைக் கட்டி நிற்க என்னால் முடியாது.

லக்சபான ஓய்வு | வெள்ளி, காலை 5.50

தம்பி, எந்த ரிலேயை வாங்குவது என்ற கேள்விக்குப் பிறகு வருகிறேன். முதலில் இதைச் சொல்லுங்கள்: ஐந்து தடவையும் எந்த ரிலேயின் கொடி விழுந்திருந்தது?

ஒவ்வொரு தட்டு ரிலேயிலும் கண்ணாடிக்குப் பின்னால் ஒரு சிறிய தகடு இருக்கும். ரிலே வேலை செய்து, பிரேக்கரைத் தட்டிவிடும் டிரிப் கொயிலுக்கு மின்சாரம் அனுப்பிய கணத்தில் அந்தத் தகடு புரண்டு நிறத்தைக் காட்டும். அதைத்தான் கொடி என்கிறோம். மூடியின் அடியில் உள்ள குமிழைக் கையால் தள்ளும்வரை அது அப்படியே நிற்கும். ரிலே எழுதிவைத்துவிட்டுப் போகும் ஒரே வாக்குமூலம் அதுதான். பிரேக்கரைத் தொடுவதற்கு முன்னால் கொடியைப் பார்த்து, நேரத்தோடு புத்தகத்தில் எழுத வேண்டும். நீர்மின் நிலையத்தில் சேர்ந்த முதல் நாள் எனக்குக் கற்பித்த பாடம் இது. முப்பத்தொரு வருடம் அதை நான் மீறியதில்லை.

பூண்டுலோயாத் தம்பி சொல்வதில் உள்ள வலி எனக்கும் புரிகிறது. ஆனால் எது விழுந்தது என்று தெரியாமல் பிளக்கைத் தொட வேண்டாம்.

ரோலர் அறை | வெள்ளி, பகல் 12.20

ஐயா, உண்மையைச் சொல்லிவிடுகிறேன். நான் கொடியைப் பார்க்கவில்லை. இருட்டில் கைவிளக்கோடு ஓடிப் போய், மூன்று குமிழையும் வரிசையாகத் தள்ளிவிட்டுப் பிரேக்கரைப் போட்டேன். ஐந்து தடவையும் அப்படித்தான். மேலே கத்திக்கொண்டிருந்தார்கள்.

இன்றைக்கு அமைப்புகளை மட்டும் பார்த்து எழுதி வைத்தேன். எர்த் ஃபோல்ட் பிளக் 10 சதவீதத்தில், டைம் டயல் 0.1இல் இருக்கிறது. ஓவர் கரண்ட் இரண்டும் 100 சதவீதத்தில், டயல் 0.2இல் இருக்கின்றன.

ஹட்டன் மாணவன் | வெள்ளி, மாலை 4.05

இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும். தொழில்நுட்பக் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். தட்டு ரிலேயைப் படத்தில் மட்டுமே பார்த்திருக்கிறேன். அதற்கென்று தனி மின்வழங்கல் இல்லை என்கிறார்கள். அப்படியானால் தட்டு எப்படிச் சுழல்கிறது? எவ்வளவு நேரம் பொறுக்க வேண்டும் என்பது அதற்கு எப்படித் தெரியும்?

லக்சபான ஓய்வு | வெள்ளி, இரவு 7.30

நல்ல கேள்வி தம்பி. ஆற அமரச் சொல்கிறேன்.

ரிலேயின் நடுவில் மெல்லிய அலுமினியத் தட்டு ஒன்று கிடையாக இருக்கும். அதன் தண்டு செங்குத்தாக நின்று, கீழே கைக்கடிகாரத்தில் இருப்பது போன்ற கல் தாங்கியின்மேல் சுழலும். தட்டின் ஒரு பக்கத்தை மின்காந்தம் ஒன்று மேலும் கீழுமாகக் கவ்விக்கொண்டிருக்கும். சீ.டீ.யிலிருந்து, அதாவது கரண்ட் டிரான்ஸ்போமரிலிருந்து, வரும் மின்னோட்டம் மேற்கொயிலில் பாயும். அதே கருவில் சுற்றிய இரண்டாம் கொயிலில் தூண்டப்படும் மின்னோட்டம் கீழ்க்கொயிலுக்குப் போகும். ஆகவே தட்டை ஊடறுக்கும் இரண்டு காந்தப் பாயங்களும் ஒரே நேரத்தில் உச்சத்துக்கு வருவதில்லை. ஒன்று முந்தும், மற்றது பிந்தும். அந்த முன்பின்தான் தட்டில் சுழிப்பு மின்னோட்டங்களை உண்டாக்கி அதைத் தள்ளுகிறது. வீட்டில் இருந்த பழைய சுழல் தட்டு மின்மானியும் இதே குடும்பம்தான்.

தள்ளுவதற்கு எதிராக இரண்டு பொருட்கள் இருக்கின்றன. ஒன்று சுருள்வில்: குறித்த அளவுக்குக் குறைவான மின்னோட்டத்தில் தட்டை அது பிடித்து வைத்துக்கொள்ளும். மற்றது தட்டின் எதிர்ப்பக்கத்தைக் கவ்வியிருக்கும் நிலைக்காந்தம்: தட்டு எவ்வளவு வேகமாகச் சுழல முயல்கிறதோ அவ்வளவு பலமாக அது தடுக்கும். மின்னோட்டம் கூடினால் தள்ளும் விசை கூடும், தட்டு விரைவாகப் போகும், தண்டில் இருக்கும் தொடுகை சீக்கிரம் போய் ஒட்டும். மின்னோட்டம் மிகப் பெரிதானால் இரும்புக் கரு காந்தத்தால் நிறைந்துவிடும். அதற்கு மேல் வேகம் அதிகம் கூடாது. அதனால்தான் ஒரு குறைந்தபட்ச நேரம் மிஞ்சுகிறது. டைம் டயல் என்பது தொடுகை எவ்வளவு தூரம் பயணம் செய்ய வேண்டும் என்று நாம் வைக்கும் அளவு. 1.0இல் முழுத் தூரம், 0.1இல் பத்தில் ஒரு பங்கு.

ரோலர் அறைத் தம்பியின் எண்களையே போட்டுப் பாருங்கள். 5 அம்பியரில் 10 சதவீதம் 0.5 அம்பியர், 400க்கு 5 என்ற விகிதத்தில் அது வெளியில் 40 அம்பியர். எர்த் பக்கம் 80 அம்பியர் ஓடினால், அதாவது இரண்டு மடங்கானால், பொதுவான வளைகோட்டில் டயல் 1.0க்கு 10 விநாடி, 0.1க்கு ஒரு விநாடி. 200 அம்பியரானால் ஐந்து மடங்கு, 0.43 விநாடி. 400 அம்பியரானால் பத்து மடங்கு, 0.3 விநாடி. கணினியும் இல்லை, தனி மின்வழங்கலும் இல்லை. இந்தக் கணக்கையெல்லாம் ஒரு தட்டும் ஒரு வில்லும் ஒரு காந்தமும் செய்கின்றன. எத்தனை தடவை பார்த்தாலும் எனக்கு வியப்புக் குறைந்ததில்லை.

தேயிலைச் சாரல் | வெள்ளி, இரவு 10.50

ஐயா சொன்னதோடு சிலவற்றைச் சேர்க்கிறேன். பேராதனையில் மின்பொறியியல் படித்தேன். ரிலேக்களைச் சோதிப்பதே இப்போது என் வேலை.

தம்பி, நடுவில் இருக்கும் எர்த் ஃபோல்ட் ரிலேக்குத் தனி சீ.டீ. கிடையாது. மூன்று பேஸ் சீ.டீ.களின் வயர்களும் ஒன்றுசேர்ந்து வரும் இடத்தில் அது உட்கார்ந்திருக்கிறது. மூன்றின் கூட்டுத்தொகைதான் அதற்குள் போகும். நியூட்ரலில் திரும்பும் ஒற்றைப் பேஸ் சுமையும் அதில் சேராமலிருக்க, உங்கள் பலகையில் நியூட்ரலுக்கும் நாலாவது சீ.டீ. ஒன்று இருக்க வேண்டும், பாருங்கள். எல்லாம் ஒழுங்காக இருந்தால் கூட்டுத்தொகை ஏறக்குறையப் பூச்சியம். மின்சாரம் எர்த் வழியாகத் தப்பிப் போனால் மட்டும் பூச்சியம் கலையும்.

ஆகவே செய்ய வேண்டியவை இவை. தொழிற்சாலை முழுச் சுமையில் ஓடும்போது, எர்த் ஃபோல்ட் ரிலேக்குப் போகும் வயரை, வெளியிலிருந்தே கவ்வி அளக்கும் கிளாம்ப் மீற்றரால் அளந்து பாருங்கள். வயரைக் கழற்றாதீர்கள். சீ.டீ.யின் இரண்டாம் சுற்றை ஓடும்போது திறந்தால், போக வழியில்லாத மின்னோட்டம் ஆயிரக்கணக்கான வோல்ட்டாக முனைகளில் எழும்பும், ஆளைக் கொல்லும். இந்த ஒன்றில் மட்டும் அவசரம் காட்டாதீர்கள்.

இன்னொன்று. தட்டு சுழல்வதற்குத் தனி மின்சாரம் தேவையில்லை. ஆனால் டிரிப் கொயிலைத் தட்டிவிட பற்றரி வேண்டும். உங்கள் பற்றரி எத்தனை வோல்ட்? பிரேக்கர் விழும் கணத்தில் அது எவ்வளவுக்கு இறங்குகிறது? ரிலே எவ்வளவு நல்லதாக இருந்தாலும் பற்றரி செத்திருந்தால் பிரேக்கர் அசையாது.

டிஜிட்டல் ரிலேயைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதுதான் உங்கள் கேள்வி. நான் அதற்கு எதிரானவள் இல்லை. ஒரு சுழற்சிக்குப் பல தடவை மின்னோட்டத்தை மாதிரி எடுத்து, 50 ஹேர்ட்ஸ் பகுதியை மட்டும் பிரித்துக் கணக்கிடுகிறது. விழுந்த நேரத்தை ஆயிரத்தில் ஒரு விநாடி வரை குறித்து வைக்கிறது. அலைவடிவத்தையே சேமித்துத் தருகிறது. தன் உள் உறுப்பு பழுதானால் தானே எச்சரிக்கிறது. தட்டு ரிலேக்கு அது முடியாது. தட்டு இறுகிப்போயிருந்தால் தேவைப்படும் நாள்வரை யாருக்கும் தெரியாது. கண்ணாடி மூடியின் ரப்பர் தேய்ந்து, சிலந்தி வலை பின்னித் தட்டைப் பிடித்து வைத்திருந்த ரிலேயை நானே திறந்திருக்கிறேன். ஆனால் இங்கே ரிலேயை மாற்றினால் புதிய ரிலேயும் அதே ஒரு மணிக்கு விழும் என்று எனக்குத் தோன்றுகிறது.

ரோலர் அறை | ஞாயிறு, காலை 8.10

நேற்று இரவு 1.25க்கு விழுந்தது. இந்தத் தடவை யார் கத்தியும் நான் குமிழைத் தொடவில்லை. கைவிளக்கை அடித்துப் பார்த்தேன். ஓவர் கரண்ட் இரண்டிலும் கொடி விழவில்லை. நடுவில் எர்த் ஃபோல்ட் மட்டும் சிவப்புக் காட்டி நின்றது. புத்தகத்தில் எழுதினேன். எழுதும்போது கை நடுங்கியது என்பதையும் சொல்ல வேண்டும்.

அக்கா கேட்டபடி அளந்தேன். நாலாவது சீ.டீ. இருக்கிறது. முழுச் சுமையிலும் எர்த் ஃபோல்ட் வயரில் 0.03 அம்பியர்தான். பற்றரி 30 வோல்ட் வகை. சும்மா நிற்கும்போது 31.2 காட்டியது. உதவியாளர் மீற்றரைப் பிடிக்க, பிரேக்கரைச் சோதனை நிலைக்கு இழுத்து வைத்து டிரிப் செய்தேன். அந்தக் கணத்தில் 19க்கு இறங்கியது. மூடியைத் திறந்தால் இரண்டு கலங்களில் தண்ணீர் தகட்டுக்குக் கீழே போய்விட்டிருந்தது.

தேயிலைச் சாரல் | ஞாயிறு, காலை 9.00

19 என்று படித்ததும் எனக்குத் திக்கென்றது. இந்த வகை டிரிப் கொயில் குறித்த மின்னழுத்தத்தின் 70 சதவீதம் வரை வேலை செய்ய வேண்டும் என்பது பொது விதி. 30க்கு அது 21. நீங்கள் அதற்குக் கீழே போய்விட்டீர்கள். இவ்வளவு நாளும் பிரேக்கர் விழுந்தது கொயிலின் நல்ல குணத்தால். இன்றைக்கே பற்றரியைக் கவனியுங்கள். மற்றவை எல்லாம் பிறகு.

பூண்டுலோயா வயரிங் | ஞாயிறு, காலை 11.30

பற்றரி விஷயத்தில் அக்கா சொல்வது சரி. அதை நான் கேட்கவே நினைக்கவில்லை.

ஆனால் ஒரு சந்தேகம். மோட்டார் கிளம்பும்போது மின்னோட்டம் ஐந்து ஆறு மடங்கு ஏறும். அப்போது ஒரு சீ.டீ. மற்றதைவிட முன்னதாக நிறைந்துவிட்டால் மூன்றின் கூட்டுத்தொகை பொய்யாக ஏறும் அல்லவா? எர்த் பக்கம் ஒரு துளி மின்சாரமும் போகாமலே எர்த் ஃபோல்ட் ரிலே விழும். நான் பிளக்கை ஏற்றியது அந்த எண்ணத்தில்தான். வேலையை மூடி மறைக்க அல்ல.

தேயிலைச் சாரல் | ஞாயிறு, பகல் 1.15

நியாயமான சந்தேகம் அண்ணா. அப்படி நடக்கத்தான் செய்கிறது, முக்கியமாகக் குறைந்த பிளக்கில் வைத்த எர்த் ஃபோல்ட் ரிலேக்களில். ஆனால் அதைச் சோதித்துப் பார்க்க முடியும். சீ.டீ. பொய் சொல்கிறது என்றால் எந்தப் பெரிய மோட்டார் கிளம்பினாலும் அது பொய் சொல்ல வேண்டும். தம்பி, உங்கள் தொழிற்சாலையில் மிகப் பெரிய மோட்டார் எது? அது பகலில் கிளம்பும்போது நடு ரிலேயின் தட்டு அசைகிறதா? கண்ணாடி வழியே கண்ணால் பார்க்கலாம். தட்டு ரிலேயின் ஒரு வசதி இது.

சிறு நீர்மின் | ஞாயிறு, மாலை 6.40

கினிகத்தேனைப் பக்கம் ஒரு சிறு நீர்மின் நிலையத்தில் ஓப்பரேட்டராக இருக்கிறேன். எங்கள் கதை கொஞ்சம் வேறு. ஆனால் பிளக்கை ஏற்றுவது பற்றிப் பேசுவதால் சொல்கிறேன்.

நாங்கள் 33 கிலோவோல்ட் கம்பியில் மின்சாரம் சேர்க்கிறோம். தென்மேல் பருவக்காற்றில் யூக்கலிப்டஸ் கிளை கம்பியில் உரசினால் அந்தப் பக்கத்துப் பிரேக்கர் விழும். அதே நேரம் எங்கள் ரிலேயும் எங்களைப் பிரித்துவிட வேண்டும். அதற்காக அதிர்வெண் எவ்வளவு வேகமாக மாறுகிறது என்பதைப் பார்க்கும் ரிலே இருக்கிறது. அது சில வேளை காரணமில்லாமலும் விழும். அப்போது ஓடை நீர் வீணாக வழிந்து போகும். முதலாளிக்குக் கோபம் வரும். அமைப்பைத் தளர்த்தச் சொல்லி என்னிடம் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறார்கள்.

நான் மறுப்பதற்குக் காரணம் இருக்கிறது. பிரதான வலையமைப்பிலிருந்து பிரிந்த பிறகும் எங்கள் ஜெனரேட்டர் தனியாக அந்தக் கம்பியை உயிரோடு வைத்திருந்தால், கிளையை வெட்டக் கம்பத்தில் ஏறுகிறவர் செத்த கம்பி என்று நினைத்துக் கை வைப்பார். சில விநாடியில் தானாக மூடும் ரீகுளோசர் வேறு வழியில் இருக்கிறது. எங்கள் சுழற்சியும் அவர்களது சுழற்சியும் பொருந்தாத நேரத்தில் அது மூடினால் தண்டே முறியலாம்.

2025 பெப்ரவரி 9ஆம் திகதியை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். பாணந்துறை உப மின்நிலையத்தில் ஒரு குரங்கு பட்டது என்று அமைச்சர் சொன்னார். நாடு முழுவதும் இருண்டது. அன்று நான் பலகைக்கு முன்னால்தான் நின்றேன். அதிர்வெண் முள் விழுந்த வேகத்தை இன்றும் மறக்கவில்லை.

லக்சபான ஓய்வு | ஞாயிறு, இரவு 8.20

சிறு நீர்மின் தம்பி சொன்னதைப் படித்ததும் ஒரு பழைய நிகழ்ச்சி ஞாபகத்துக்கு வந்தது. நிலையத்தில் சேர்வதற்கு முன்னால் ஒரு வருடம் நான் ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் உதவியாளராக இருந்தேன். எந்தத் தோட்டம் என்பது வேண்டாம். அங்கேயும் எர்த் ஃபோல்ட் ரிலே அடிக்கடி விழும். ஒரு நாளிலிருந்து விழுவது நின்றுவிட்டது. எல்லோருக்கும் மகிழ்ச்சி. மூன்று மாதம் கழித்து ரோலர் அறையின் கூரைக்குக் கீழே போன கேபிள் பதினைந்து அடி நீளத்துக்கு எரிந்தது. கீழே சல்லடையில் நின்ற பெண்ணின் முதுகில் உருகிய காப்புறை சொட்டியது. தப்பியது அவருடைய நல்ல காலம். பிறகு ரிலேயின் மூடியைத் திறந்தோம். தட்டுக்கும் காந்தத்துக்கும் இடையில் ஒரு தீக்குச்சி செருகியிருந்தது. மருந்துத் தலையை உடைத்துவிட்டு, அளவாக நறுக்கி, நேர்த்தியாகச் செருகியிருந்தார்கள்.

யார் செருகியது என்று யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. அது இன்றுவரை எனக்கு உறுத்துகிறது.

மாணவத் தம்பிக்காக இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், தலைப்பை விட்டுக் கொஞ்சம் விலகினாலும். உயர் அழுத்தக் கம்பிகளில் மின்னோட்டத்தை மட்டும் பார்த்தால் போதாது. அங்கே மின்னழுத்தத்தை மின்னோட்டத்தால் வகுத்துக் கிடைக்கும் மறிப்பைப் பார்க்கும் தூர ரிலே இருக்கும். பிழை கிட்ட நடந்தால் மறிப்புக் குறைவு, எட்ட நடந்தால் கூட. கம்பியின் முதல் 80 சதவீதத்துக்குள் என்றால் உடனே விழும். அதற்கு அப்பால் அடுத்த நிலையத்தையும் தாண்டி 120 சதவீதம் வரைக்கும் என்றால் ஏறக்குறைய அரை விநாடி பொறுத்து விழும். நம் மலைநாட்டில் இதற்கு ஒரு சிக்கல் உண்டு. 1950இல் தொடங்கிய பழைய லக்சபான முதல் விமலசுரேந்திர, புதிய லக்சபான, பொல்பிட்டிய என்று களனி ஆற்றின் இரண்டு கிளையாறுகளில் நிலையங்கள் படிக்கட்டுப்போல அடுத்தடுத்து இருக்கின்றன. இடைக் கம்பிகள் குட்டையானவை. குட்டைக் கம்பியில் மறிப்பு மிகச் சிறியது. 80க்கும் 120க்கும் உள்ள வித்தியாசத்தை அளப்பதே கடினம். அந்த இடங்களுக்கு இரண்டு முனையிலும் மின்னோட்டத்தை அளந்து ஒப்பிடும் வித்தியாச ரிலேதான் பொருத்தம்.

ரோலர் அறை | திங்கள், இரவு 9.55

ஐயா, தீக்குச்சிக் கதையைப் படித்த பிறகு மூன்று ரிலேயின் மூடிகளையும் திறந்து பார்த்தேன். குச்சி இல்லை. மனம் ஆறியது.

அக்கா, மிகப் பெரிய மோட்டார் ட்ரையரின் காற்றாடி. காலையில் அதை மூன்று தடவை கிளப்பச் சொல்லிக் கண்ணாடிக்கு முன்னால் நின்று பார்த்தேன். ஓவர் கரண்ட் தட்டுகள் இரண்டும் ஒரு விரல் அகலம் நகர்ந்து திரும்பின. நடுத் தட்டு அசையவே இல்லை. சீ.டீ. பொய் சொல்லவில்லை.

பிறகு ரோலர்களைப் பார்த்தேன். நான்கு ரோலர். ஒவ்வொன்றின் மோட்டாரையும் கழற்றி, காப்புத் தடையை அளக்கும் மெகரால் அளந்தேன். மூன்று மோட்டார்கள் 20 மெகா ஓமுக்கு மேல். இரண்டாவது ரோலர் பகல் பன்னிரண்டு மணிக்கு 6. ஐந்து மணிக்கு ரோலர் அறையைக் கழுவிய பிறகு அதையே திரும்ப அளந்தேன்: 0.1.

இணைப்புப் பெட்டியைத் திறந்தேன். மூடியின் காஸ்கெட் பாதி இல்லை. கீழே கேபிள் நுழையும் கிளாண்ட் துளை ஒன்று அடைக்கப்படாமல் திறந்திருந்தது. பெட்டியின் அடியில் கொழுந்துச் சாறும் தூளும் தண்ணீரும் கலந்து கரும்பச்சைச் சேறாக இருந்தது. இணைப்புத் திருகுகள் நிற்கும் பழுப்பு நிறப் பலகையில், நடுத் திருகிலிருந்து இரும்பு உடல்வரைக்கும் பென்சிலால் கிழித்தது போல ஒரு கரிக்கோடு. நுனியில் இரண்டாகக் கிளைத்திருந்தது. விரலால் தேய்த்தேன், போகவில்லை. பலகைக்குள்ளேயே எரிந்து இறங்கியிருக்கிறது.

முதல் ரோலரைக் கிளப்பும்போது விழுகிறது என்று நான் எழுதியது பிழை. இரண்டாவதைத்தான் எப்போதும் முதலில் ஓட விடுகிறார்கள். கொழுந்து இறங்கும் குழாய் அதற்கு நேரே இருக்கிறது.

லக்சபான ஓய்வு | செவ்வாய், காலை 5.40

அந்தப் பலகையைச் சுரண்டித் துடைத்துத் திரும்பப் பூட்டாதீர்கள். கரி ஒருமுறை வழி போட்டால் அந்த வழி மூடாது. புதிய பலகை போடுங்கள். பழையதை எறியாமல் அலுவலகத்தில் கொண்டுபோய்க் காட்டுங்கள். மோட்டார் ஓடிச் சூடேறினால் பெட்டி காய்ந்துவிடும். அதனால்தான் விடியும்வரை தொந்தரவு இல்லை.

பூண்டுலோயா வயரிங் | செவ்வாய், காலை 7.00

தம்பி, நான் முதலில் சொன்னதை வாபஸ் வாங்குகிறேன். 40க்கு ஏற்றியிருந்தால் 160 அம்பியருக்குக் கீழே எதையும் அந்த ரிலே கண்டுகொண்டிருக்காது. ஈரத்தரையில் வெறுங்காலோடு நிற்கும் ஆட்கள் தொடும் இரும்பு அது. நான் பிளக் ஏற்றி வைத்த இடங்களுக்கு இந்த வாரம் போய் ஒவ்வொன்றாகப் பார்க்கப் போகிறேன்.

ஆனாலும் ஒரு ரோலரின் பெட்டியில் தண்ணீர் போனதற்குத் தொழிற்சாலை முழுவதும் ஏன் இருள வேண்டும்? அந்த ரோலருக்குத் தனி பியூஸ் இருக்கிறதே.

தேயிலைச் சாரல் | செவ்வாய், காலை 8.25

அண்ணா கேட்டதுதான் மிச்சமிருக்கும் உண்மையான குறை. அந்த ரோலருக்கு 80 அம்பியர் பியூஸ் என்று வைத்துக்கொள்வோம். கரிக்கோடு வழியே 200 அம்பியர் போனால் பியூஸ் உருகப் பத்து விநாடிக்கு மேலும் எடுக்கும். ஐயா போட்ட கணக்கின்படி பிரதான ரிலே 0.43 விநாடியில் விழுந்துவிடும். கிட்ட இருக்கும் காவலாளி தூங்க, தூரத்தில் இருப்பவர் ஓடி வந்து வாசலையே மூடிவிடுகிறார். பிரதான ரிலேயைச் செவிடாக்குவது இதற்கு மருந்தாகாது. ரோலருக்குப் பக்கத்தில் கூர்மையான காது ஒன்றை வைக்க வேண்டும்.

டிஜிட்டல் ரிலேக்கு ஒதுக்கிய பணத்தில் ஒரு பகுதியைக் கேளுங்கள். நான்கு ரோலருக்கும் நான்கு கோர் பேலன்ஸ் சீ.டீ. போதும். ஒரு வளையம், மோட்டாருக்குப் போகும் மூன்று பேஸும் ஒன்றாக அதற்குள் நுழைந்து போக வேண்டும். சமமாக இருந்தால் வளையத்தில் காந்தம் எழாது. எர்த் பக்கம் 1 அம்பியர் தப்பினாலே வளையம் உணரும். அதன் சிறிய ரிலேயை 1 அம்பியர், 0.1 விநாடியில் வைத்து அந்த ரோலரின் மோட்டாரை ஓட்டவும் நிறுத்தவும் உள்ள கொன்டாக்டரை மட்டும் விழ வையுங்கள். 200 அம்பியர் ஓடினாலும் பிரதான தட்டு தன் பயணத்தை முடிப்பதற்குள் ரோலர் பிரிந்துவிடும். கொன்டாக்டர் துண்டிக்க முடியாத பெரிய மின்னோட்டம் வந்தால் அதைப் பியூஸே முந்திக்கொண்டு துண்டிக்கும். அங்கே பியூஸ் கெட்டிக்காரர்.

ரோலர் அறை | இரண்டு வாரம் கழித்து, ஞாயிறு, காலை 10.30

புதிய இணைப்புப் பலகை, புதிய காஸ்கெட், அடைத்த கிளாண்ட் எல்லாம் போட்டாகிவிட்டது. கழுவிய பிறகு மெகர் 15க்குக் கீழே இறங்கவில்லை. பற்றரிக் கலங்கள் இரண்டையும் மாற்றினோம்; இப்போது டிரிப் நேரத்தில் 27 வோல்ட். இந்த இரண்டு வாரத்தில் மழை விட்ட இரவு இரண்டோ மூன்றோதான். நடுக் கொடி ஒரு தடவையும் விழவில்லை.

கரிந்த பலகையை மேசையில் வைத்துப் பேசியதும் அலுவலகத்தில் வளையங்களுக்குச் சம்மதித்தார்கள். தட்டு ரிலேக்கள் இருக்கட்டும், வருடத்துக்கு ஒரு தடவை ஆள் கூப்பிட்டு மின்னோட்டம் செலுத்திச் சோதிப்போம் என்றும் முடிவாகியிருக்கிறது. பலகைக்குப் பக்கத்தில் ஆணியடித்து ஒரு கொப்பியும் பேனாவும் கட்டித் தொங்கவிட்டிருக்கிறேன். கொடியை எழுதாமல் குமிழைத் தொடக்கூடாது என்று இரவு வேலை ஆட்களுக்கும் சொல்லிக் கொடுத்தேன்.

நாளை முதல் வளையத்தைப் பொருத்துகிறேன். ரோலருக்குப் போவது கவசக் கேபிள். கேபிளை அப்படியே முழுதாக வளையத்துக்குள் விடலாமா, கவசத்தை உரித்து உள்வயர்களை மட்டும் விட வேண்டுமா?

தேயிலைச் சாரல் | ஞாயிறு, காலை 11.05

உள்வயர் மூன்றையும் மட்டும் விடுவது நல்லது. இடமில்லாமல் கேபிளை முழுதாக விட நேர்ந்தால், கவசத்திலிருந்து வரும் எர்த் வயரை அதே வளையத்துக்குள்ளால் எதிர்த்திசையில் திருப்பிக் கொண்டுவந்து அதன் பிறகு எர்த் கட்டையில் பூட்டுங்கள். இல்லாவிட்டால் தப்பிப் போன மின்சாரம் கவசம் வழியே அதே வளையத்துக்குள் திரும்பி வந்து கணக்கைச் சமப்படுத்திவிடும். ரிலேக்கு ஒன்றுமே தெரியாது. பொருத்தி முடிந்ததும் வளையத்துக்குள் ஒரு தனி வயரை விட்டு 2 அம்பியர் ஓட்டிப் பாருங்கள். கொன்டாக்டர் விழுந்த பிறகு ரோலரை ஆட்களிடம் கொடுங்கள்.